ஜன்னலடி வெண்டைப் பாத்தி

ஆடி 1, புதன்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மூன்றாம் பிளாக் ரெபேக்கா டீச்சர் எழுதுகிறார். படுத்தால் அன்றைக்கு நடந்ததும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததும் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் ஓடுகின்றன, தூக்கம் போய்விட்டது என்று அவரிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "சாயங்காலம் தண்ணி விட்டு முடிச்சதும் எங்கிட்ட சொல்லிருங்க ஐயா. நான் எழுதி வச்சிருதேன். உங்க தலையில இருந்து எறங்கிரும்" என்றார். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். சொன்னால் சொன்னதுதான்.

"நீங்க பேசுத மாதிரியே எழுதுனா படிக்க முடியாது. புஸ்தகத் தமிழ்ல எழுதுதேன். ஆள் பேசுனத மட்டும் பேசுன மாதிரி போடுதேன்" என்றார். எப்படி எழுதினாலும் நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சரி என்றேன்.

என் பேர் மாரப்பன். ஊர் சேவூர்ப் பக்கம். இப்போது கோயமுத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மகள் மேகலா வீட்டில் இருக்கிறேன். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு ரிசர்வ் சைட், பொதுவுக்கென்று விட்ட காலி இடம். முள்ளும் பாட்டிலுமாகக் கிடந்ததை மூன்று வருஷத்துக்கு முன் மேகலாதான் ஆள் சேர்த்துச் சுத்தம் செய்து காய்கறித் தோட்டமாக்கினாள். நாலு பிளாக்குக்காரர்களும் ஞாயிறுதோறும் வந்து வேலை செய்வார்கள். வாலண்டியர்கள் என்று பேர்.

இப்போது மேகலா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது. கரு நழுவாமல் இருக்க உள்ளே தையல் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் மூன்று முறை, ஐந்திலும் ஆறிலுமாக, தங்கவில்லை. அதனால் தோட்டம் என் தலையில்.

கட்டில் தரைத்தள ஜன்னலோரம் கிடக்கிறது. படுத்தபடி பார்த்தால் அவளுக்கு ஒரே ஒரு பாத்தி தெரியும். "அதுல வெண்டை போடுங்கப்பா. ஆடிப்பட்டம் தவறக் கூடாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது மொளச்சு நின்னா இதுவும் நின்னுக்கும்" என்றாள். நான் காதில் விழாத மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

இதை எழுத வேண்டாம் என்றேன். டீச்சர் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

ஆடி 3, வெள்ளி

ஆள் கூப்பிடுகிற வேலை. போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. மாட்டை ஓட்டி வருவது இதைவிடச் சுலபம். மாடு வரும், இல்லை வராது. இவர்கள் "கண்டிப்பா வந்தர்றனுங்க" என்கிறார்கள்.

மேகலா தாகம் என்றாள். சொம்பைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன். "கையில குடுத்தா என்னங்கப்பா?" என்றாள். அறைக்குள் ரொம்ப நேரம் நின்றால் எனக்குப் புழுக்கம்.

ஆடி 5, ஞாயிறு

வாட்ஸ்அப் குழுவில் பதினாலு பேர் கட்டை விரல் காட்டியிருக்கிறார்கள் என்று டீச்சர் போனைப் பார்த்துச் சொன்னார். வந்தது மூன்று பேர். கட்டை விரல் வந்தால் ஆள் வராது என்று தெரிந்துகொண்டேன்.

வந்தவர்கள்: இரண்டாம் பிளாக் நாகராஜன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், வரும்போதே மடக்கு நாற்காலியோடு வருவார். மும்தாஜ், வீட்டில் தையல் வேலை, நாலு ஆள் வேலையைத் தனியாகச் செய்யும். சுதர்சன், கம்ப்யூட்டர் கம்பெனி, சென்னைப் பையன். ராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் அப்படியே வந்திருந்தான்.

சுதர்சன் மண்வெட்டி பிடித்து ஒரு பாத்தி கொத்துவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நாகராஜன் நாற்காலியில் இருந்து, "தம்பி, இடுப்புல இருந்து வெட்டணும், தோள்ல இருந்து வெட்டக்கூடாது" என்றார்.

"சார், நீங்க ஒரு தடவ வெட்டிக் காட்டுங்க."

"எனக்கு டிஸ்க்."

"நாக்குல டிஸ்க் இல்ல பாருங்க" என்று மும்தாஜ் வாய்க்குள் சொல்லியது அவருக்கும் கேட்டது. சிரித்துவிட்டார்.

கத்தரியும் தக்காளியும் நாற்று வாங்கி வைத்தாகிவிட்டது. சுவரோரம் அவரை. ஜன்னலடிப் பாத்தியைப் பண்படுத்தி வைத்தோம். "வெண்டைய நீங்களே போட்டுருங்க மாரப்பன். இங்க இருக்கறதுல நீங்க ஒருத்தர்தான் அசல் விவசாயி" என்றார் நாகராஜன்.

முட்டி மடங்காது என்று சொல்லிவிட்டேன். காலையில் இருந்து குனிந்து கல் பொறுக்கிய முட்டி அது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி 7, செவ்வாய்

நாகராஜன் வீட்டுக்குப் போய், "உங்க கை ராசியான கைங்க. ஜன்னலடியில நாலு வெதை நீங்க போடோணும்" என்றேன்.

"எனக்கா? என் கையில வீட்டுல துளசியே நிக்காதே."

"பேங்க்ல நீங்க கை வெச்ச கணக்கு எதாச்சும் பெருகாம இருந்துச்சுங்களா?"

அவர் யோசித்தார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். குனிந்து குழி குழியாக விதை போட்டார். டிஸ்க் ஞாபகமே வரவில்லை.

ஆடி 8, புதன்

ஒரு கை போதாது என்று தோன்றியது. மும்தாஜிடம் சொன்னேன். "உங்க மாடியில கருவேப்பிலை தொட்டியிலயே அந்த வளத்தி வளருதே, அது உங்க கை ராசிதானுங்க" என்றேன். அந்தப் பெண் முகம் சிவந்துவிட்டது. பிஸ்மி சொல்லி அதே குழிகளில் போட்டது. ஏற்கெனவே விதை கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஆடி 9, வியாழன்

சுதர்சன்.

"தம்பி, உங்க உள்ளங்கை ரேகையப் பாருங்க."

"தாத்தா, உங்களுக்கு ரேகை பாக்கத் தெரியுமா?"

"பாக்கத் தெரியாதவனுக்கே தெரியுதுங்க."

போட்டுவிட்டுப் போனான். கொப்பளம் ஆறியிருக்கிறது.

ஆடி 10, வெள்ளி

டீச்சரிடமும் கேட்டேன். "ராசி கீசியெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல ஐயா. கர்த்தர் குடுத்த கை, அவ்வளவுதான்" என்றார். ஆனால் எல்லாரையும்விட ஒரு கைப்பிடி அதிகமாகப் போட்டது அவர்தான். இதை எழுதும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்.

ஆடி 13, திங்கள்

முளைத்துவிட்டது. எனக்கு முன்னால் மேகலா பார்த்துவிட்டாள். "அப்பா! அப்பா! வந்திருச்சு!" என்று ஜன்னல் கம்பியைத் தட்டினாள். மாப்பிள்ளை நந்தகோபால் குளித்த ஈரத்தோடு ஓடிவந்தார், வேறெதுவோ என்று நினைத்து.

மத்தியானம் அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஆடி 16, வியாழன்

மயில் வந்து தக்காளி நாற்றில் பாதியைக் கொத்திவிட்டது. வாட்ச்மேன் அடிக்க மாட்டேன் என்கிறார், முருகன் வாகனமாம். முருகனே வந்து தக்காளி விலையைக் கேட்டுவிட்டுப் போகட்டும். சுற்றிலும் பழைய கொசுவலை கட்டினேன். கை வலி.

வெண்டை இன்னும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. புல் மாதிரி. ஒரே குழியில் ஆறு, ஏழு. இடுக்கே இல்லை.

மேகலா கண்ணாடி போடாமல் பார்க்கிறாள். அவளுக்குப் பச்சையாகத் தெரிகிறது. அது போதுமாம்.

ஆடி 19, ஞாயிறு

குட்டு உடைந்துவிட்டது.

மும்தாஜ்தான் ஆரம்பித்தது. "இது என்னுங்கையா, நான் குழிக்கு ரெண்டுதானே போட்டேன், இத்தனை எப்படி வந்துச்சு?"

"நீ போட்டியா? நான் போட்டதும்மா அது" என்றார் நாகராஜன்.

"ஹலோ, ஜன்னலுக்குக் கீழ நான் போட்டது" என்றான் சுதர்சன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"ராசியான கைன்னு சொன்னீங்களே?" "எனக்கும்தான் சொன்னாரு." "ரேகையெல்லாம் பாத்தாரு சார்!"

நாகராஜனுக்கு உண்மையாகவே வருத்தம். "அப்ப என் கையில நம்பிக்கை இல்லாமத்தான் இன்னும் மூணு பேர்கிட்ட குடுத்தீங்க. நான் வீட்டுல போயி என் சம்சாரத்துக்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், மாரப்பன்."

"எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு தாத்தா. ஒரே வேலைய நாலு பேருக்குக் குடுத்துட்டு, நாலு பேர்கிட்டயும் 'நீதான் பெஸ்ட்'னு சொல்லுவாங்க."

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

குழிக்கு ஒன்று விட்டு மீதியைப் பிடுங்கிவிட்டால்தான் நின்றது தேறும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் பிடுங்குவது? சுதர்சன் குனிந்தான். குனிந்தவன் நிமிர்ந்துவிட்டான். "ராசிக் கைன்னு சொல்லிட்டீங்க. இந்தக் கையால பிடுங்கி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. மும்தாஜ் ஜன்னல் பக்கம் பார்த்தது. நாகராஜன் நாற்காலியை மடக்கினார்.

மேகலா தன் மனதில் முடிந்து வைத்திருப்பதை எனக்கு மட்டும்தான் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"என்னப்பா சத்தம்?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"மயிலத் தொரத்துனோம் அம்மணி."

ஆடி 22, புதன்

மும்தாஜ் தனியாக வந்து, வேரோடு நாலைத் தோண்டி எடுத்து அந்தப் பக்கத்துப் பாத்தியில் நட்டுப் பார்த்தது. வெண்டை இடம் மாற்றினால் பிடிக்காது. சாயங்காலமே தலை தொங்கிவிட்டன. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. வெங்காயம் நறுக்கிவிட்டு வந்தேன் என்றது.

ஆடி 26, ஞாயிறு

கட்டை விரல் பதினொன்று. ஆள் ஒன்று. அது டீச்சர்.

நானும் அவரும் கத்தரிக்கு மண் அணைத்தோம். அவரைக்குக் கொடிக்கயிறு கட்டினோம். உரக்குழியைக் கிளறினேன். மோட்டார் ஓடவில்லை, குடத்தில் சுமந்து ஊற்றினேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. சும்மா சொல்கிறேன்.

ஆவணி 2, ஞாயிறு

வெண்டை மஞ்சள் அடிக்கிறது. தண்டு நூலாக இழுத்துக்கொண்டு மேலே போகிறது, வெளிச்சத்துக்கு. ஒன்றை ஒன்று நெருக்கி, எதுவும் தேறவில்லை.

"ஏன்ப்பா இந்த நெறத்துல இருக்குது?"

"மழை பத்தல அம்மணி."

மாப்பிள்ளை வாசலில் என்னை நிறுத்தி, "மாமா, நீங்க வந்தும் ரெண்டு மாசம் ஆகப்போகுது, அவ பக்கத்துல ஒருக்காகூட உக்காந்து பேசல. கேக்கறா. எம் மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்றார். நல்ல மனுஷன். தோட்டத்து வேலை ஒழியவில்லை என்று சொன்னேன்.

ஆவணி 6, வியாழன்

மழை பெய்துவிட்டது. என் பொய்க்குப் பதில் சொல்ல வந்த மாதிரி. வெண்டையில் கால்வாசி சாய்ந்து கிடக்கிறது. இரண்டு குழியில் அடித்தண்டு அழுகல்.

ஆவணி 9, ஞாயிறு

டீச்சர் வந்தார். பாத்தியைப் பார்த்தார். "ஐயா, இதுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் பிடுங்குதேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டார்.

"டீச்சர்! விடுங்க!"

மேகலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். என் உயிர் போய் வந்தது. "எந்திரிக்காத! படு! படு அம்மணி!" என்று கத்தினேன். அவளை அதட்டி இருபது வருஷம் இருக்கும்.

படுத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "இருக்கறதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். ஒண்ணையும் எடுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுகூட" என்றாள்.

டீச்சர் பிடுங்கியதை அதே குழியில் திரும்ப வைத்து மண்ணை அமுக்கினார். பொழுது சாய்வதற்குள் அது வாடிவிட்டது. விளக்கு வைக்கிற வரைக்கும் மேகலா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அப்ப நீங்க பிடுங்கிருங்க ஐயா, அவ தூங்கும்போது" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். "என்ற கை ஆகாதுங்க" என்றேன். "ஏன்?" என்றார். இத்தனை நாள் கேட்காதவர் இன்று கேட்டார். இத்தனை நாள் சொல்லாதவன் சொன்னேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. சேவூர்ப் பண்ணையத்தில் ஆள். அந்த வருஷம் சோளம் நான் விதைத்தேன், வரவில்லை. மறு வருஷம் கடலைக்காய் விதைத்தேன், வரவில்லை. மழை இல்லை, பக்கத்துக் காட்டிலும்தான் வரவில்லை. அதை யார் பேசினார்கள்? காட்டுக்குச் சொந்தக்காரி, பண்ணையத்து ஆத்தா, களத்துமேட்டில் நின்றாள். வெள்ளிக்கிழமை. கத்தரிப்பூக் கலர் சேலை, எண்ணெய் தேய்த்துத் தலை விரித்துவிட்டிருந்தாள். "மாரப்பன் கை பட்டது மண்ணுக்குள்ளயே கெடந்துக்குது. இனி அவன் வெதையத் தொட வேண்டாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்பு குறைச்சல் என்கிற மாதிரி சொன்னாள். அதற்கப்புறம் நான் உழுவேன், வரப்பு அண்டை வெட்டுவேன், தண்ணி கட்டுவேன். எனக்குப் பின்னால் என் சம்சாரம் ரங்காத்தாள் விதை போட்டு வருவாள். நாற்பது வருஷம்.

எங்களுக்குப் பிறந்தது மூன்று. மேகலா கடைசி. மூத்தது இரண்டையும் பள்ளத்தோரம் குழி தோண்டி இந்தக் கையால்தான் வைத்தேன்.

டீச்சர் விரலை நீவிக்கொண்டார். "எனக்கு எழுதுத கை வலிக்கி. இன்னைக்குப் போதும்" என்றார்.

ஆவணி 11, செவ்வாய்

உரம், தண்ணீர், களை. வேறு ஒன்றும் இல்லை.

ஆவணி 13, வியாழன்

விடியற்காலையில் மேகலாவுக்கு இடுப்பு வலி. மாப்பிள்ளை காரில் கூட்டிப் போய்விட்டார். நான் போகவில்லை. காரில் இடமிருந்தது.

ஆவணி 14, வெள்ளி

நேற்று பகல் முழுக்கச் செய்தி இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளை, "இன்னும் பாத்துட்டே இருக்கறாங்க மாமா" என்று மட்டும் சொன்னார். டீச்சர் இட்லி கொண்டுவந்து கொடுத்தார். தின்றேன்.

இன்று விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பாத்தியைப் பார்க்க ஆள் இல்லாததால் வெண்டை வெறும் வெண்டையாக இருந்தது. நெருக்கியடித்து, மஞ்சளாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. எனக்கு ஆத்திரமா, அசதியா, தெரியவில்லை. எத்தனை கை சேர்த்துப் போட்டேன். பயந்து பயந்து ஒன்றையும் நிற்கவிடாமல் செய்துவிட்டேன்.

உட்கார்ந்தேன். முட்டி நன்றாக மடங்கியது.

முதல் குழியில் ஏழு. எது தேறும் என்று பார்த்து, அதன் அடியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை வலது கையால் மெதுவாக இழுத்தேன். வேர் அறுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், துணியில் நூல் இழுபடுகிற மாதிரி. அடுத்த குழி. அதற்கடுத்தது. சில குழியில் எதை விடுவது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி நின்றன. அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்றை விட்டேன்.

பாதிப் பாத்தியில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுக்கவில்லை. நல்ல சேதியாக இருந்தால் மீதியைப் பிடுங்கக் கை வராது. கெட்ட சேதியாக இருந்தால் பிடுங்கியதுதான் காரணம் என்று ஆகிவிடும். எதுவாக இருந்தாலும் இந்தப் பாத்தியில் இருக்கிறதற்கு இடம் வேண்டும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கடைசிக் குழி வரை முடித்தேன். பிடுங்கியதை அள்ளி உரக்குழியில் போட்டேன். வாய்க்கால் தண்ணீரில் கை கழுவினேன். மூன்றாம் தரம் அடித்தபோது எடுத்தேன்.

"மாமா, எங்கீங்க போயிட்டீங்க? உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்." மாப்பிள்ளைக்குக் குரல் உடைந்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க மாமா. காலைல ஸ்கேன் பாத்தாங்க. துடிப்பு நல்லா இருக்குது. தையல் கொஞ்சம் இழுத்திருக்குதாம், ஆனா புடிச்சுட்டுத்தான் இருக்குதாம். இனி பொறக்கற வரைக்கும் இங்கயே படுத்துக்கோணும்னுட்டாங்க. பொறக்கற வரைக்கும் ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. இருங்க, அவ பேசோணுமாம்."

கையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, வெண்டை எப்படி இருக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலு நாள் முன்னால் என்றால் சொல்லியிருப்பேன்.

"நெறைய எடுத்துட்டேன் அம்மணி. குழிக்கு ஒண்ணு உட்டிருக்கறேன்."

ஆஸ்பத்திரியில் யாரோ தள்ளுவண்டி தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு எடுத்தது?"

"நான்தான். என்ற கையாலதான்."

அழுகிறாளா என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். அழவில்லை.

"அம்மா இருந்திருந்தா உங்களத் தொட உட்டிருக்காது" என்றாள்.

"உட்டிருக்காது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இத்தனை நாளும் தண்ணீரைக் கையில் கொடு என்று கேட்டிருக்கிறாள்.

"சரி. உட்டதெல்லாம் எப்படி நிக்குது?"

"நிக்குது."

"அப்படிச் சொன்னா எனக்கு என்னங்கப்பா தெரியும்? இங்க ஜன்னலத் தொறந்தா செவுருதான் இருக்குது. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. சும்மா, படுத்துட்டே கேட்டுட்டு இருக்கறேன்."

எழுந்து பாத்தியின் தலைமாட்டுக்குப் போனேன். எனக்குப் பேசத் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"செவுத்தோரம் மொத ஆளு. நாலு இலை. கொஞ்சம் மஞ்ச. தண்டு கெட்டி."

"ம்."

"அதுக்கு இந்தப்பக்கம் ஒண்ணு சாஞ்சிருக்குது. மண்ணு அணைச்சு உட்டிருக்கறேன். நிமிந்துக்கும்னு இருக்குது."

"நிமிந்துக்கும்னு இருக்குதா, நிமிந்துக்குமா?"

"தெரியல அம்மணி."

"ம்."

"மூணாவது நல்ல பச்சை. புழு ஒரு இலையத் தின்னுருக்குது. நாலாவது குட்டை. கூட இருந்ததெல்லாம் இதவிட ஒசரம். ஆனா வேரு கெட்டியா இருந்துச்சு, அதனால இதத்தான் உட்டேன்."

"ம்."

"அஞ்சாவது குழியில ஒண்ணுமே இல்ல. அழுகிருச்சு."

அங்கே கொஞ்சம் நின்றேன். அப்புறம் "ம்" என்றாள்.

வெயில் ஏறியது. டீச்சர் வந்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நாகராஜன் நாற்காலியோடு வந்தவர், நான் யாரோடு பேசுகிறேன் என்று புரிந்துகொண்டு, நாற்காலியை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டே நின்றார். நான் குனிந்து குனிந்து ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒன்றுக்குக்கூட அவள் "ம்" போடாமல் விடவில்லை.

கடைசிச் செடிக்கு வந்தேன். அதையும் சொன்னேன். அவ்வளவுதான் என்றேன்.

"இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லுங்கப்பா" என்றாள்.

சுவரோரத்துக்குத் திரும்பி நடந்தேன்.